பேசினால் வளரும் மரம்

காலையில் கடைக்குக் கிளம்பும்போது செடியில் பதினோரு இலைகள் இருந்தன. சாயங்காலம் வந்து பார்த்தால் நான்குதான் இருந்தன.

கண்ணாடிக்காரர் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி எண்ணினார். எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒன்று கழன்று அவர் செருப்பின் மேல் விழுந்தது. மூன்று.

ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து தருகிற மனுஷர் அவர். கடைவீதியில் அவருடைய மூக்குக் கண்ணாடிக் கடைக்குத் தடவிக்கொண்டு வருகிறவர்கள், போகும்போது எதிர்க்கடை போர்டில் இருக்கும் ஃபோன் நம்பரைப் படித்துக்கொண்டு போவார்கள். அப்பேர்ப்பட்டவருக்குத் தன் வாசலில் நிற்கும் செடிக்கு என்ன வந்தது என்பது மட்டும் சுத்தமாகத் தெரியவில்லை.

செடி அவருடையது அல்ல, மாநகராட்சி கொடுத்தது. இன்னும் சரியாகச் சொன்னால் அது அவர் மனைவியின் செடி. அதுதான் சிக்கல்.

அவர் மனைவி அந்தத் தெருவின் நலச் சங்கத் தலைவி. தெரு ஒரு மதில் சுவரில் போய் முட்டி நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்த காலி மனையில் குப்பை லாரிகளை நிறுத்தப்போகிறோம் என்று மாநகராட்சி சொன்னபோது, வார்டு கூட்டத்தில் எழுந்து நின்று ஆணையரையே கேட்டுவிட்டாள்.

"லாரி நிக்க இடம் இருக்கு. பிள்ளைங்க ஓடி விளையாட இடம் இல்லையா சார்? பூங்கா குடுங்க."

"குடுத்தா யாரும்மா பாத்துப்பாங்க? மூணு மாசத்துல மறுபடி குப்பைமேடாயிடும்."

"நாங்க பாத்துப்போம்."

ஆணையர் சிரித்தார். "அப்படியா? தத்து மரத் திட்டத்துல வீட்டுக்கு ஒரு செடி தரேன். இந்தக் கோடையைத் தாண்டி எல்லாம் உயிரோட நின்னுச்சுன்னா பூங்கா. ஒண்ணு செத்தாலும் லாரி. சம்மதமா?"

"எங்க தெருவுல ஒரு செடி சாகாது சார். எழுதி வச்சுக்கோங்க."

வீட்டுக்கு ஒரு செடி வந்தது. ஒவ்வொன்றின் கழுத்திலும் வீட்டு எண் பொறித்த தகரத் துண்டு. முதல் செடியை அவள் கையில் வாங்கிய படம் மாநகராட்சியின் மாதாந்தரச் செய்தி மடலில் முதல் பக்கத்தில் வந்தது.

அதற்குள் வெளியூரில் இருந்த மகளுக்குப் பிரசவ நேரம் நெருங்கிவிட்டது. தலைவி கிளம்ப வேண்டியதாயிற்று. கிளம்பிய அன்று வாசலில் வண்டி வந்து நின்ற பிறகும் ஆளைக் காணோம். கடைசியில் எங்கிருந்தோ அரக்கப் பரக்க ஓடி வந்தாள். செருப்பெல்லாம் மண்.

"என்னங்க, கைக்குழந்தை மாதிரி பாத்துக்கோங்க. மத்த வீட்டுச் செடி எப்படிப் போனாலும் போகட்டும். நம்ம செடி போச்சுன்னா நான் தெருவுல தலைகாட்ட முடியாது."

"நான் பாத்துக்கறேன் போ."

"இலையெல்லாம் எண்ணி வச்சிருக்கேன்" என்றாள், வண்டி நகரும்போது.

இப்போது அந்த இலைகள்தான் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. அவர் ஒரு வேளை ஊற்றிய தண்ணீரை மூன்று வேளை ஊற்றினார். இலைகள் இன்னும் வேகமாக உதிர்ந்தன. வெயில் படாமல் குடை கட்டினார். காற்றடித்துக் குடை சாய்ந்து, மிச்சமிருந்த ஒரே இலையையும் அடித்துக்கொண்டு போயிற்று. தகரத் துண்டைத் தொங்கவிட்டபடி ஒரு குச்சி மட்டும் நின்றது.

ஃபோன் வந்தது. "மரம் எப்படி இருக்கு?"

"நானும் நல்லா இருக்கேன்."

"உங்களைக் கேக்கல. வீடியோவுல காட்டுங்க."

"கேமரா மங்கலா இருக்கு."

"கண்ணாடிக் கடை வச்சிருக்கீங்க, ஒரு ஃபோனைத் துடைக்கத் தெரியாதா? ஞாயித்துக்கிழமை காட்டுங்க."

சனிக்கிழமை அவர் ஊருக்கு வெளியே இருந்த நர்சரிக்குப் போனார். உதிர்ந்த இலை ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி அதே ஜாதிச் செடி கேட்டார். இருந்தது. நிழல்வலைக்குக் கீழே பச்சைப் பசேலென்று நின்றது. ஆனால் இவருடைய செடியைவிட இரண்டு சாண் உயரம். வேறு வழியில்லை.

மத்தியான வெயிலில் தெரு முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரத்தில் காரியத்தை முடித்தார். குச்சியை மண்கட்டியோடு பெயர்த்தெடுத்துப் புதியதை நட்டு, தகரத் துண்டை இடம் மாற்றினார். குச்சியைக் குப்பை வண்டியில் போட்டால் கேள்வி வரும். அதனால் சாக்கில் சுற்றிக்கொண்டு தெருக்கோடிக்குப் போனார். மதிலுக்கு மேலே வீசினார். அந்தப் பக்கம் பொத்தென்று சத்தம் கேட்டது.

நிமிர்ந்தால், கடைசி வீட்டு மாடி ஜன்னலில் தாத்தா. நடக்க முடியாதவர். பொழுதெல்லாம் அந்த ஜன்னலோரம்தான். நல்லவேளை, நாற்காலியில் தலை சாய்ந்திருந்தது. தூங்குகிறார்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் மனைவியின் முகம் திரையை முட்டிக்கொண்டு நின்றது.

"இது... நம்ம செடியா?"

"பின்ன? நம்பரைப் பாரு."

"இவ்வளவு வளந்திருக்கே! என்ன போட்டீங்க?"

உரத்தின் பெயர் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னார். "ஒண்ணும் போடல. பேசினேன்."

"யார்கிட்ட?"

"செடிகிட்டதான். தினம் காலையில பக்கத்துல உக்காந்து ரெண்டு வார்த்தை பேசுவேன்."

"என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுனா வாய் வலிக்கும். செடிகிட்டப் பேசுனீங்களா!" என்றாள். ஆனால் குரலில் பெருமை இருந்தது. பெருமை பொல்லாதது. அன்றைக்கே படத்தை வார்டுக் குழுவுக்கு அனுப்பிவிட்டாள். அங்கிருந்து அது செய்தி மடலுக்கே போய்விட்டது.

செய்தி மடலை அந்தத் தெருவில் யாரும் படிப்பதில்லை. அலமாரித் தட்டில் விரிப்பார்கள். கண்ணாடிக்காரரே கடையில் பழைய மடல்களைக் கிழித்துத்தான் மூக்குக் கண்ணாடி சுற்றிக் கொடுப்பார். ஆனால் தன் தெருக்காரர் படம் வந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் படிப்பார்கள். 'அன்பாகப் பேசினார், அதிசயமாக வளர்ந்தது!' என்ற தலைப்பை ஒரு வீடு விடாமல் படித்தார்கள்.

மறுநாள் காலை அவர் கதவைத் திறந்தபோது தெருவே பேசிக்கொண்டிருந்தது.

டியூஷன் டீச்சர் தன் செடி முன்னால் நின்று, "இங்க கவனிக்கணும். அங்க என்ன வேடிக்கை?" என்றார். வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு தம் செடியிடம் நியாயம் கேட்டார். பேக்கரிக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, என்ன பேசணும்? இன்னதுதான்னு ஏதாவது இருக்கா?"

"மனசுல இருக்கறதைப் பேசுங்க."

"மனசுல மைதா விலைதான் இருக்கு."

"அதையே பேசுங்க."

பேக்கரிக்காரர் செடியின் பக்கம் திரும்பி மைதா விலையைச் சொல்ல ஆரம்பித்தார். கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. பாவம், நம்புகிறார்களே.

ஆனால் அடுத்த வாரம் அவருக்குச் சிரிப்பு நின்றுபோனது.

பேக்கரிக்காரரின் செடி வளர்ந்துவிட்டது. கொஞ்ச நஞ்சமல்ல. முந்தின நாள் இடுப்பளவு இருந்தது, இன்றைக்கு மார்பளவு. இலைகள் எண்ணெய் தடவியதுபோல் மினுமினுத்தன. இரண்டு நாள் கழித்து டீச்சருடைய செடி. அதற்கடுத்து வக்கீலுடையது, அதில் புதிதாக ஒரு கிளையே முளைத்திருந்தது.

கண்ணாடிக்காரர் ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நின்று பார்த்தார். தொட்டுப் பார்த்தார். இலை குளுமையாக, உயிரோடு, அவர் விரலுக்கு அடியில் அசைந்தது. அவருக்குப் புல்லரித்தது. பொய் சொன்னது அவர். ஆனால் அதை நம்பிப் பேசினார்களே, அந்தப் பேச்சு உண்மையாக வேலை செய்திருக்கிறது! மைதா விலையைக் கேட்டே ஒரு மரம் மார்பளவு வளர்கிறதென்றால், இந்த உலகத்தில் என்னதான் நடக்காது? இத்தனை நாள் லென்ஸ் வழியாகவே பார்த்துப் பார்த்துத் தான் எதையுமே பார்க்கவில்லையோ என்று தோன்றியது. இத்தனை நல்லவர்கள் வாழும் தெருவில் தான் ஒருவன்தான் ஃபிராடு என்றும் தோன்றியது.

அன்று மாலை தன் செடியின் பக்கத்தில் உட்கார்ந்து முதல் முறையாக உண்மையாகவே பேசினார்.

"நான் ஏமாத்துக்காரன்தான். உன்னைக் காசு குடுத்துக் கடையில வாங்கிட்டு வந்தேன். ஆனா அவ இந்தப் பூங்காவுக்காக எவ்வளவு அலைஞ்சா தெரியுமா? அவளுக்காகவாவது நில்லு."

செடி பொறுமையாகக் கேட்டது. பிறகு ஒரு இலையை உதிர்த்தது.

அந்த வாரக் கடைசியில் அதுவும் குச்சியாயிற்று.

இந்த முறை சும்மா ஒரு செடி போதாது. அதிசயமாக வளர்கிற மரம் என்று பெயர் எடுத்தாயிற்று. அது குட்டையானால் ஊர் சிரிக்கும். நர்சரியில் இருந்ததிலேயே உயரமானதை வாங்கினார். அது ஸ்கூட்டரில் வராது. சரக்கு வண்டி பிடித்து, படுக்கவைத்து, தார்ப்பாயால் மூடிக் கொண்டுவந்தார். தெருமுனையில் பேக்கரிக்காரர் எதிரே வந்துவிட்டார்.

"என்ன அண்ணே அது?"

"அலமாரி" என்றார் கண்ணாடிக்காரர். தார்ப்பாய்க்கு வெளியே ஒரு கொத்து இலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

பேக்கரிக்காரர் இலையைப் பார்த்தார். பிறகு அவசரமாக வானத்தைப் பார்த்தார். "நல்ல அலமாரி அண்ணே. எங்க வீட்டுக்கும் நாளைக்கு ஒண்ணு வருது."

கடவுள் காப்பாற்றினார் என்று கண்ணாடிக்காரர் வண்டியை விரட்டச் சொன்னார்.

இரண்டாவது குச்சியையும் மதிலுக்கு மேலே வீசிவிட்டுத் திரும்பியபோது, மாடி ஜன்னலிலிருந்து ஒரு கை ஆடியது. தாத்தா விழித்திருந்தார். அன்பாகக் கையசைத்துக்கொண்டிருந்தார். அவர் மூக்கில் தூரத்தைப் பார்ப்பதற்கான கண்ணாடி. கோடைத் தொடக்கத்தில்தான், பார்த்துப் பார்த்து, கண்ணாடிக்காரர் தம் கையாலேயே செய்து கொடுத்தது.

மறுநாள் காலையிலேயே மாடியேறினார்.

"தாத்தா, அந்தக் கண்ணாடியில பவர் கொஞ்சம் தப்பாயிடுச்சு. சரிபண்ணித் தரேன், குடுங்க."

"தப்பா? தெருமுனையில காக்கா மூக்கைச் சொறியறது வரைக்கும் தெரியுதேப்பா!"

"அதான் தாத்தா. அவ்வளவு தெரியக் கூடாது. கண்ணுக்குக் கெடுதல்."

தாத்தா கழற்றிக் கொடுத்துவிட்டுச் சிரித்தார். "இந்தக் கிழவன் மேல தெருவுக்கே என்ன பாசமோ. வெயில் படும்னு பேக்கரிக்காரன் ஜன்னலுக்குத் திரை தைச்சுத் தரேங்கறான். முதுகுக்கு நல்லதுன்னு டீச்சர் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போடச் சொல்றா. வக்கீல் கீழ் ரூமுக்கே மாத்திடலாங்கறாரு. உன் வீட்டம்மா ஊருக்குப் போறப்போ வண்டியை நிக்க வச்சு, ஓடி வந்து ஒரு டின் பிஸ்கட் குடுத்துட்டுப் போனா."

கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாரும் எவ்வளவு அக்கறையாக இருக்கிறார்கள். தான் மட்டும் கண்ணைப் பிடுங்க வந்திருக்கிறோமே.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து வரும்போது மேலே பார்த்தார். தாத்தா ஜன்னலில்தான் இருந்தார். ஆனால் எதையும் பார்க்கவில்லை. கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்துவிட்டு, அலுத்துப்போய்க் கையைத் தடவிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரரால் தாங்க முடியவில்லை. அப்படியே மாடியேறிக் கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டிவிட்டு வந்தார். பிடிபட்டால் பிடிபடட்டும்.

நல்லவேளை, அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. மூன்றாவது மரம் இலை உதிர்க்கவில்லை. மாறாக, மழை நின்ற ஒரு காலையில் கிளை நுனியெல்லாம் செம்பு நிறத்தில் துளிர் விட்டது. கண்ணாடிக்காரர் கையில் பல்துலக்கும் பிரஷோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இதை அவர் கடையில் வாங்கவில்லை. இது தானாக வந்தது. நேற்று இல்லாத ஒன்று இன்றைக்கு அவர் வாசலில் இருந்தது. கடைக்கு நேரமாவதுகூட அவருக்கு மறந்துபோயிற்று.

பேரக்குழந்தை பிறந்து, தலைவி திரும்பி வந்தாள். வந்தவள் வீட்டுக்குள் போகவில்லை. மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"நிஜமாவே நீங்க வளத்ததா?" என்றாள், ஒரு மாதிரிக் குரலில்.

அவர் தலையாட்டினார்.

மறுவாரம் ஆணையரும் பூங்கா அதிகாரியும் வந்தார்கள். தெருவே வாசலில் நின்றது. ஆணையர் ஒவ்வொரு மரமாகத் தகரத் துண்டைப் பார்த்துக்கொண்டே நடந்தார். நடை மெதுவாகிக்கொண்டே வந்தது.

"ஒண்ணு கூடச் சாகலையேம்மா! எப்படி?"

"தெருக்காரங்க மனசு சார்" என்றாள் தலைவி. பேக்கரிக்காரர் இருமினார். டீச்சருக்கும் இருமல் வந்தது. மழைக்காலம்தானே.

"சொன்ன சொல் சொன்னதுதான். அந்த இடத்தைத் திறங்க பாக்கலாம்."

மதிலில் இருந்த இரும்புக் கதவு துருப்பிடித்துப் போயிருந்தது. கண்ணாடிக்காரர் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கினார். உள்ளே, குப்பைக்கு நடுவில், அவருடைய இரண்டு குச்சிகள் கிடக்கும். கேட்டால் என்ன சொல்வது? நாலு பேர் தோள் கொடுத்துத் தள்ளியதும் கதவு முனகிக்கொண்டு திறந்தது.

உள்ளே குப்பைமேடு இல்லை. மரங்கள் நின்றன. மதில் ஓரம் முழுக்க, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, இளசும் பெரிசுமாக, எண்ணி மாளாத மரங்கள். சில சாய்ந்து கிடந்த நிலையிலேயே வேர்விட்டு, பாதியில் வளைந்து, வானத்தைப் பார்த்து எழுந்திருந்தன. எல்லாவற்றிலும் அதே செம்புத் துளிர். மழைத்தண்ணீர் இலையிலிருந்து இலைக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ வந்த குருவிகள் உள்ளே சந்தைபோல் இரைந்துகொண்டிருந்தன.

ஆணையர் தன்னையறியாமல் குரலைத் தாழ்த்தினார். "என்னய்யா இது?"

பூங்கா அதிகாரி ஒரு இலையைப் பறிக்காமல் திருப்பிப் பார்த்தார். "நாம குடுத்த அதே ஜாதி சார். கோடையில இலையெல்லாம் கொட்டிட்டுக் குச்சியா நிக்கும். செத்த மாதிரியே இருக்கும். ஆனா சாகாது. முதல் மழைக்குத் துளிர்த்துடும். செடி குடுத்த மாசமே செய்தி மடல்ல கடைசிப் பக்கத்துல விவரமா போட்டிருந்தோமே, படிச்சிருப்பாங்க."

தெரு மொத்தமும் தன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றது.

கண்ணாடிக்காரர் மட்டும் மரங்களைப் பார்த்தார். அவர் போட்டது இரண்டே இரண்டு. இங்கே ஒரு தோப்பே நிற்கிறதே! மெல்லத் திரும்பிப் பேக்கரிக்காரரைப் பார்த்தார். பேக்கரிக்காரர் காதோரம் வந்து முணுமுணுத்தார்.

"மூணு அண்ணே. மூணு அலமாரி."

டீச்சர் யாரும் கேட்காமலே இரண்டு விரலைக் காட்டினார். வக்கீல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கண்ணாடிக்காரருக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நெஞ்சு நிறைந்து மூச்சு முட்டியது. ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாமல், கொளுத்தும் வெயிலில், தன்னால் தெருவின் பூங்கா போய்விடக் கூடாதே என்று பயந்து பயந்து வந்து வீசியிருக்கிறார்கள். செத்துவிட்டது என்று அவர்கள் கைவிட்ட ஒவ்வொன்றும், விழுந்த இடத்தில் யாருக்கும் சொல்லாமல் உயிர் பிடித்திருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை, ஒரு வார்த்தை பேச ஆளில்லை.

"இதை யாரு நட்டது?" என்றார் ஆணையர்.

எல்லாரும் மறுபடி செருப்பைப் பார்த்தார்கள்.

"சரி, யாரா இருந்தா என்ன. பூங்கா ஏற்கெனவே வந்தாச்சு. இனிமே இங்க எந்த லாரி நிக்கும்?"

கைதட்டல் எழுந்தது. குருவிகள் ஒரு கணம் அடங்கிவிட்டு மறுபடி இரைந்தன.

கண்ணாடிக்காரர் மனைவியைத் தேடினார். இத்தனை பேரில் அவள் ஒருத்திதான் ஒரு பாவமும் அறியாதவள். அவளிடம் மறைத்து வைத்தால் இன்று சோறு இறங்காது. அவள் மதிலை ஒட்டி, இருப்பதிலேயே உயரமான மரத்தடியில், அதன் மேல் கையை வைத்தபடி தனியாக நின்றிருந்தாள். அவர் அருகில் போனார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோபப்படாத. நம்ம செடி..."

அவள் திரும்பவில்லை. "அப்புறம் சொல்லுங்களேன்" என்றாள். காது மடல் சிவந்திருந்தது.

அப்போது மதிலுக்கு மேலே மாடி ஜன்னல் திறந்தது. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தாத்தா எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சந்தோஷம். தெருவுக்கே கேட்கும்படி கூவினார்:

"தலைவியம்மா, ஊருக்குக் கிளம்பின அன்னிக்கு வண்டியை நிக்க வச்சுட்டு ஓடி வந்து முத ஆளா ஒரு குச்சியைத் தூக்கிப் போட்டியே, நீ கை வச்சிருக்கிற மரம் அதேதாம்மா!"